தொட்டில் பழக்கமும் ஆளுமைக் கோளாறும்: கேள்வி பதில்

நான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். மாத்திரை எழுதுவது என் வேலை இல்லை, அதற்கு மனநல மருத்துவரைப் பாருங்கள். இன்னொன்று: என் எதிரில் வந்து உட்காராதவருக்கு நான் நோய்ப் பெயர் வைக்க மாட்டேன். இதை மனதில் வைத்துக் கேளுங்கள்.

கவிதா: அக்கா, எனக்கு சட்டுனு கோபம் வரும். இது குணமா, கோளாறா? கோடு எங்க போடுறீங்க?

முன்கோபி, கஞ்சன், வாயாடி, அழுத்தக்காரன், சிடுமூஞ்சி என்று நம் பேச்சிலேயே குணத்துக்கு எத்தனை சொல் பாருங்கள். 1936இல் ஆல்போர்ட், ஓட்பர்ட் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஆங்கில அகராதியைப் புரட்டி இப்படிப்பட்ட சொற்களைத் திரட்டினார்கள். ஏறக்குறைய 18,000 சேர்ந்தன. பின்னால் வந்தவர்கள் அவற்றைச் சலித்துச் சலித்து ஐந்தில் நிறுத்தினார்கள்: புதியதில் நாட்டம், பொறுப்பு, கலகலப்பு, இணக்கம், மனக்கலக்கம். ஐந்தும் எல்லோரிடமும் உண்டு. அளவுதான் ஆளுக்கு ஆள் வேறு.

ஒருவருடைய குணமே இறுகி வாழ்க்கையைக் கெடுப்பதைத்தான் ஆளுமைக் கோளாறு என்கிறோம். அப்படி எழுதுவதற்கு முன் நான் மூன்று விஷயம் பார்ப்பேன். வாலிப வயதிலிருந்தே தொடர்கிறதா? வீடு, ஆபீஸ், நட்பு என எல்லா இடத்திலும் இப்படித்தானா? அதனால் அவரோ கூட இருப்பவர்களோ உண்மையிலேயே அவதிப்படுகிறார்களா? மாமியாரிடம் மட்டும் வருகிற கோபம் இந்த மூன்றில் தேறாது. அது உங்கள் இருவருக்கும் நடுவில் இருக்கிற பிரச்சினை. அங்கேதான் பேசித் தீர்க்க வேண்டும்.

தினேஷ்: மேடம், நான் ஐஎன்எஃப்ஜே டைப். எனக்கு எந்தக் கோளாறு வர வாய்ப்பு?

ஐஎன்எஃப்ஜே என்பது ஆட்களை வகை பிரிக்கும் எம்பிடிஐ என்ற டெஸ்ட் தரும் ஒரு பெயர். அந்த டெஸ்ட்டை வைத்து எந்தக் கோளாறையும் கண்டுபிடிக்க முடியாது தம்பி. அது அதற்காகச் செய்யப்பட்டதும் இல்லை.

பிரியா: என் கணவர் எதுக்கும் சாரி சொல்ல மாட்டார். வீடியோல சொன்ன ஒன்பது அறிகுறில ஏழு இருக்கு. நாசிசிஸ்ட்தானே?

தெரியாது பிரியா. அவர் என் எதிரில் இல்லை. சாரி சொல்லாத ஆண்கள் இந்த ஊரில் ஏராளம், அவர்களில் மிகச் சிலருக்குத்தான், தன்னையே பெரிதாக நினைத்து மற்றவர் வலியைக் கண்டுகொள்ளாத அந்த நாசிசிஸக் கோளாறு. உங்களுக்கு வலிக்கிறது என்பதற்கு அவருடைய நோய்ப் பெயர் சாட்சியாக வேண்டியதில்லை. வலிக்கிறது, அது போதும். நீங்கள் தனியாக வந்து ஒரு கவுன்சிலரைப் பாருங்கள்.

சரவணன்: ஓசிடி, ஓசிபிடி ரெண்டும் ஒண்ணா?

இல்லை. இதைக் கேட்டதற்கு நன்றி, எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. ஓசிடியில் ஒரு எண்ணம் வேண்டாத விருந்தாளி மாதிரி வந்து படுத்தும். கேஸை மூடினோமா என்று பத்தாவது முறை பார்க்கும்போது, ‘இது பைத்தியக்காரத்தனம், ஆனால் விட முடியவில்லை’ என்று பெரும்பாலும் அவருக்கே தெரியும். ஓசிபிடி, எல்லாம் துளி பிசகாமல் ஒழுங்காக இருந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் ஆளுமைக் கோளாறு. அதில் அவருக்குத் தான் செய்வதுதான் சரி.

அடையாளத்தை மாற்றிச் சொல்கிறேன். கணக்கு எழுதும் வேலையில் இருந்த ஒருவர். வீட்டு வரவு செலவு நோட்டில் ஒரு அடித்தல் விழுந்தால் அந்தப் பக்கத்தையே கிழித்துவிட்டு, மாதத்தின் முதல் தேதியிலிருந்து மறுபடி எழுதுவார். கீரைக்கட்டு, பஸ் டிக்கெட் எல்லாம் வரிசை மாறாமல் வர வேண்டும். ஒரு நாள் சாயங்காலம் மூன்று ரூபாய் உதைத்தது. அதைத் தேடி உட்கார்ந்துவிட்டார். மகள் பள்ளி ஆண்டு விழாவில் ஆடி முடித்து, பூ வாடி வீட்டுக்கு வந்தபோதும் அவர் நோட்டை விட்டு எழுந்திருக்கவில்லை. என்னிடம் வந்ததே மனைவியின் கட்டாயத்தில்தான். “பொறுப்பா இருக்கறது தப்பா மேடம்?” என்றுதான் முதலில் கேட்டார். பொறுப்பு நல்ல குணம்தான். அது இறுகி, மகளுக்கு இடமில்லாமல் போன இடத்தில் கோளாறாகிறது.

நர்சிங் மாணவி: ஆளுமைக் கோளாறோட பத்து வகையையும் மனப்பாடம் பண்ணணுமா?

பரீட்சைக்கு வேண்டும். 2013இல் வந்த அமெரிக்க மனநோய்க் கையேடான டிஎஸ்எம்-5 பத்துப் பெயர்களை மூன்று கொத்தாகத் தருகிறது. ஆனால் 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11 அந்தப் பெயர்களைக் கைவிட்டுவிட்டது. லேசானதா, நடுத்தரமா, கடுமையானதா என்பதுதான் அதன் முதல் கேள்வி. பிறகு எந்தக் குணங்கள் மேலோங்கி நிற்கின்றன என்று குறிக்கச் சொல்கிறது. பழைய பெயர்களில், உணர்ச்சியும் உறவும் நிலையில்லாமல் அலைபாயும் பார்டர்லைன் மட்டும் கூடுதல் குறிப்பாகத் தங்கியது. ஒரே ஆளுக்கு மூன்று நான்கு பெயர் பொருந்திவிடுவதை வார்டில் பார்த்தவர்களுக்கு இந்த மாற்றத்தின் அருமை புரியும்.

ஹேமா: என் மேனேஜர் நாசிசிஸ்டான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

பிரியாவுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

முருகேசன்: தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? பிறவிக் குணத்தை எந்தக் கவுன்சிலிங் மாத்தும்? வீண் செலவும்மா.

ஐயா, இதற்கு நான் விரிவாகப் பதில் சொல்லியே ஆக வேண்டும். இந்த ஒரு பழமொழியால் சிகிச்சைக்கே வராமல் போனவர்கள் நிறைய.

அமெரிக்காவில் மெக்லீன் மருத்துவமனையில் மேரி ஸனரினி குழுவினர், பார்டர்லைன் ஆளுமைக் கோளாறோடு உள்நோயாளியாகச் சேர்ந்த 290 பேரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே வந்தார்கள். லேசாக இருந்தவர்கள் இல்லை, படுக்கையில் சேர்க்கும் அளவு தீவிரமானவர்கள். பத்தாண்டுக் கணக்கு 2010இல் வெளியானது. 93 சதவீதம் பேருக்கு அறிகுறிகள் தணிந்து, குறைந்தது இரண்டு ஆண்டு அப்படியே நின்றது. வேலை, உறவு இரண்டிலும் காலூன்றியவர்கள் பாதிப் பேர்தான், அதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் சுடுகாடு மட்டும் என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

முருகேசன்: அமெரிக்கா கணக்கு இருக்கட்டும். என் தம்பி இருபது வருஷமா எங்களைப் படுத்தி எடுத்துட்டான். நான் பட்டதைச் சொல்றேன்.

நீங்கள் பட்டது பொய் என்று நான் சொல்லவே மாட்டேன் ஐயா. கடன் அடைத்திருப்பீர்கள், ராத்திரியில் தேடிப் போயிருப்பீர்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன். இந்த இருபது வருடத்தில் அவர் எத்தனை மாதம் விடாமல் சிகிச்சையில் இருந்தார்?

முருகேசன்: ரெண்டு தடவை கூட்டிட்டுப் போனோம். அப்புறம் வரலைன்னுட்டான்.

இரண்டு தடவையில் ஆகாது ஐயா. பார்டர்லைனுக்கு, உணர்ச்சி அலையைக் கையாளப் பழக்கும் டிபிடி என்ற பேச்சு சிகிச்சை உண்டு. வாரம் ஒரு தனி அமர்வு, வாரம் ஒரு குழு வகுப்பு, வழக்கமாக ஓராண்டு. அதை உருவாக்கிய மார்ஷா லினஹன் 17 வயதில் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு இரண்டு ஆண்டுக்கு மேல் உள்ளே இருந்தவர். 2011இல் அதே மருத்துவமனைக்குத் திரும்பிப் போய், எல்லோர் முன்னாலும் அதைச் சொன்னார். உங்கள் தம்பிக்கு என்ன கோளாறு என்று எனக்குத் தெரியாது. அவர் வர மறுத்தால் நீங்கள் வாருங்கள். குடும்பத்தாருக்கென்றே அமர்வுகள் உண்டு.

பெயர் வேண்டாம்: நான் பார்டர்லைன். நாலு வருஷமா தெரபி. ஐயா எழுதினதைப் படிச்சுட்டு ஃபோனை மூடி வெச்சுட்டேன். இப்பதான் திரும்ப வந்தேன்.

திரும்பி வந்தீர்களே, அது எனக்குப் பெரிய விஷயம். நாலு வருடத்துக்கு முன் இந்த மாதிரி ஒரு சொல் உங்களை எங்கே கொண்டு போயிருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

முருகேசன்: மன்னிச்சிரும்மா. உன்னைச் சொல்லலை. தம்பி மேல இருந்த ஆத்திரம்.

லதா: என் வீட்டுக்காரர் அடிக்கிறார். நாசிசிஸ்டா, சைக்கோபாத்தா?

அடிக்கிறார் என்பது மட்டும்தான் இப்போது முக்கியம். பெயர் தேடி ஒரு நாள்கூட வீணாக்காதீர்கள். 181, பெண்கள் உதவி எண். இன்றைக்கே கூப்பிடுங்கள்.

வினோத்: ஒரே ஆளுக்குள்ள ரெண்டு மூணு ஆள் இருக்கறதுதானே ஆளுமைக் கோளாறு?

இல்லை. அது வேறு தலைப்பு, நினைவும் ‘நான்’ என்ற உணர்வும் துண்டுபடும் விலகல் கோளாறுகளில் வரும். சினிமாவை வைத்துப் படிக்காதீர்கள்.

பெயர் வேண்டாம்: அக்கா, கடைசியா ஒண்ணு. ராத்திரி அலை மாதிரி வரும்போது, தெரபிஸ்ட்டைக் கூப்பிட முடியாத நேரத்துல, உடனே என்ன செய்யலாம்?

அகலமான பாத்திரத்தில் குளிர்ந்த தண்ணீர் எடுங்கள். குனிந்து, மூச்சை அடக்கி, கண்ணும் கன்னமும் நனைய முகத்தை அமிழ்த்தி, முடிந்த அளவு, அதிகபட்சம் அரை நிமிடம் வையுங்கள். தண்ணீருக்குள் முங்கும்போது உடம்பு தானாக இதயத் துடிப்பைக் குறைக்கும். அந்த இயல்பைத்தான் இங்கே பயன்படுத்துகிறோம். அலை வற்றாது, ஆனால் உயரம் குறையும், யோசிக்கக் கொஞ்சம் நேரம் கிடைக்கும். இதயக் கோளாறு இருந்தாலோ, சரியாகச் சாப்பிடாமல் உடம்பு நலிந்திருந்தாலோ டாக்டரைக் கேட்காமல் செய்ய வேண்டாம். உயிரை விடும் எண்ணம் வந்தால் 14416, டெலி மானஸ் என்ற மனநல உதவி எண். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது.

பாத்திரத்தை நாளைக்குப் பகலிலேயே எடுத்து வைத்து, மனம் அமைதியாக இருக்கும்போது ஒரு முறை செய்து பாருங்கள். ராத்திரியில் கைக்குத் தெரிந்திருக்கும்.