யூஎஸ்எம் முதலாண்டு: ஹாஸ்டலா, வெளியே வாடகை அறையா?

மகளுக்கு யூஎஸ்எம்மில் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) இடம் கிடைத்திருக்கிறது, டேசாசிஸ்வாவில், அதாவது பல்கலைக்கழக ஹாஸ்டலில் விடலாமா, பினாங்கு வளாகத்துக்குப் பக்கத்துச் சுங்கை டுவாவில் அறை பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் எந்த வளாகம் என்று கடிதத்தில் பாருங்கள். பொறியியல் என்றால் அது பினாங்குத் தீவில் இல்லை, நிபோங் திபாலில் இருக்கிறது, மருத்துவம் கிளந்தானில் குபாங் கெரியானில். அதைப் பார்க்காமல், தீவில் உள்ள பிரதான வளாகமான மிண்டெனுக்குப் பக்கத்தில் அறை எடுத்து முன்பணத்தையும் கட்டிவிட்டால் அப்புறம் திரும்ப வாங்குவது பெரும் பாடு.

மிண்டென்தான் என்றால், முதலாண்டுக்கு டேசாசிஸ்வாவே போதும் என்பேன். வெளியே 500 ரிங்கிட் அறைக்குக்கூட, வழக்கமான 2 மாத முன்பணம், மின்சாரம் தண்ணீருக்கு அரை மாதம், முதல் மாத வாடகை எல்லாம் சேர்த்தால் கையில் 1,750 ரிங்கிட் வேண்டும், பிடிபிடிஎன் கல்விக்கடன் பணமோ பெரும்பாலும் பதிவுக்குப் பிறகுதான் வரும். பணத்தைவிட முக்கியம், புது ஊரில் காய்ச்சல் வந்தால் கஞ்சி வாங்கித் தர ஹாஸ்டல் அறையில் கூட ஒரு பிள்ளை இருக்கும்.

டேசாசிஸ்வாக்களில் ரெஸ்து, சௌஜானா, தெக்குன் மூன்றும் பிரதான வளாகத்துக்கு வெளியே, சாலைக்கு அந்தப் பக்கம் இருப்பவை, அங்கே கிடைத்தால் காலை வகுப்புக்குக் கொஞ்சம் முன்னதாகவே கிளம்ப வேண்டும். அறையில் சமைக்க விடமாட்டார்கள், சைவம் மட்டும் சாப்பிடும் பிள்ளை என்றால் பக்கத்தில் என்ன கிடைக்கிறது என்று பதிவு நாளன்றே நடந்து பார்த்துவிடுங்கள்.

வெளியேதான் என்று முடிவெடுத்தால், முத்திரைத் தீர்வை கட்டிய ஒப்பந்தம் இல்லாமல் ஒரு காசும் கொடுக்காதீர்கள், படத்தை மட்டும் பார்த்துப் பணம் அனுப்பவே வேண்டாம்.