டர்போ ஓஸில் ஆயில் தெரிந்தால் டர்போ போய்விட்டதா?

கேள்வி: என்னிடம் 2014 மாடல் 1.6 லிட்டர் டர்போ டீசல் செடான் இருக்கிறது. 1,18,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஏர் ஃபில்டர் மாற்றக் கொடுத்தபோது, டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ஓஸைக் கழற்றிக் காட்டினார்கள். உள்ளே விரல் விட்டால் கறுப்பாக ஆயில் ஒட்டுகிறது. இன்டர்கூலரின் கீழ் கிளாம்ப் பக்கமும் ஈரமாகி, அதில் தூசி அப்பியிருக்கிறது. "டர்போ சீல் போயிடுச்சு சார், அசெம்ப்ளியாவே மாத்தணும்" என்கிறார் மெக்கானிக். புகை எதுவும் என் கண்ணில் படவில்லை. 10,000 கி.மீ. சர்வீஸ் வருவதற்குள் டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல்கோட்டிலிருந்து கீழ்க்கோட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. இழுவை கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது. டர்போவை மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். டர்போ என்பது காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் சக்கரம்; அழுத்தியதில் சூடேறிய காற்றை ஆற்றி அனுப்புவது இன்டர்கூலர். ஓஸுக்குள் ஆயில் படிந்திருப்பதை மட்டும் வைத்து டர்போவின் மேல் பழி போட முடியாது. நீங்கள் சொல்லும் ஆயில் கணக்கும் டர்போவுக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது.

பெரும்பாலான கார்களில் டிப்ஸ்டிக்கின் இரண்டு கோடுகளுக்கும் நடுவே ஏறக்குறைய 1 லிட்டர். 10,000 கி.மீ.க்கு 1 லிட்டர் என்றால் 100 கி.மீ.க்கு 10 மில்லி, அதாவது இரண்டு டீஸ்பூன். லட்சம் கி.மீ. தாண்டிய டீசல் என்ஜினுக்கு இது பதறவேண்டிய அளவு இல்லை. டர்போ சீல் உண்மையிலேயே போயிருந்தால் சில நூறு கி.மீ.யிலேயே டிப்ஸ்டிக் காய்ந்திருக்கும். பின்னால் வருகிறவர் ஹாரன் அடித்துச் சொல்லும் அளவுக்கு நீலப்புகையும் வந்திருக்கும்.

அப்படியானால் அந்த ஆயில் எங்கிருந்து வந்தது? டீசல் என்ஜினில் எரிப்பு நடக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் 100 பாரைத் தாண்டும். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதில் கொஞ்சம் வாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே ஆயில் தேங்கும் சம்ப் பக்கம் இறங்கிவிடும். அங்கே கிராங்க் சுழற்றி அடிக்கிற ஆயில் பனிமூட்டம் போல நிற்கிறது. வாயு அதையும் சேர்த்துக்கொண்டு என்ஜினின் மேல்மூடியான டேப்பெட் கவருக்கு வரும். கவருக்குள் உள்ள ஆயில் பிரிப்பான் பெரும்பகுதியை வடித்துக் கீழே அனுப்பிவிடும். மிச்சம் பிரீதர் பைப் வழியாக, ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே உள்ள ஓஸில் போய்ச் சேரும். அதை வெளியே விடாமல் என்ஜினே குடித்துவிட வேண்டும் என்பது மாசுக் கட்டுப்பாட்டு விதி. ஆக, ஓஸின் உள்சுவரில் மெல்லிய ஆயில் படலம் இருப்பதும், இன்டர்கூலரின் அடியில் ஒன்றிரண்டு ஸ்பூன் தேங்குவதும் இந்த அமைப்பில் எதிர்பார்க்க வேண்டியவைதான்.

பார்க்க வேண்டியது ஆயில் எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது, எவ்வளவு சேர்கிறது என்ற இரண்டையும்தான்.

என்ஜின் நன்றாக ஆறிய பிறகு ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து டர்போ வாய் வரை உள்ள ஓஸைக் கழற்றுங்கள். டர்போவுக்குப் பிறகு உள்ள ஓஸ், இன்டர்கூலரின் இரண்டு முனைகள் ஆகியவற்றையும் திறந்து வையுங்கள். செல்போன் டார்ச் அடித்து, பிரீதர் பைப் வந்து சேரும் துளையைத் தேடுங்கள். அந்தத் துளைக்கு முன்பக்கம், அதாவது ஃபில்டர் பக்கம், ஓஸ் காய்ந்திருந்து, துளையிலிருந்து டர்போ வரை பளபளவென்று ஈரமாக இருந்தால் ஆயில் பிரீதர் வழியாகத்தான் வருகிறது. டர்போ அதை வாங்கி அந்தப் பக்கம் தள்ளுகிறது, அவ்வளவுதான். டர்போ வாய் வரை எல்லாம் காய்ந்திருந்து, டர்போவைத் தாண்டியதும் சொட்டச் சொட்ட ஈரம் என்றால்தான் சந்தேகம் டர்போவின் மேல் திரும்ப வேண்டும். துளைக்கு முன்னால் ஏர் ஃபில்டர் பெட்டிக்குள்ளேயே ஆயில் கிடந்தால் ஒன்று, பிரீதரிலிருந்து அளவுக்கு மீறிக் கொட்டுகிறது. அல்லது ஆயில் பூசிக் கழுவிப் பயன்படுத்தும் ரக ஃபில்டரில் யாரோ தாராளமாக ஆயில் ஊற்றியிருக்கிறார்கள். இரண்டாவது காரணமாக இருந்தால் அந்த ஆயில் காற்றளவு சென்சாரிலும் படிந்து, தப்புக் கணக்குக் கொடுத்து இழுவையைக் குறைக்கும்.

ஒருமுறை பார்த்தது போதாது. எல்லா ஓஸையும் பிரேக் கிளீனர் அடித்து, பனியன் துணியால் துடைத்து, காய்ந்ததும் மாட்டுங்கள். பிறகு பிரீதர் பைப்பை ஓஸிலிருந்து கழற்றி, தற்காலிகமாக 1 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் திருப்பிவிடுங்கள். பாட்டிலுக்குள் கொஞ்சம் ஸ்டீல் நார் போட்டால் ஆயில் அதில் பிடித்துக்கொள்ளும். பாட்டிலின் மேல்பக்கம் காற்று வெளியேற ஒரு துளை கட்டாயம் வேண்டும்; இல்லாவிட்டால் என்ஜினுக்குள் நீங்களே அழுத்தம் ஏற்றுகிறீர்கள். ஃபேன், பெல்ட், சைலன்சர் மேனிஃபோல்டு எதிலும் படாமல் பாட்டிலைக் கட்டுங்கள். ஓஸில் பிரீதர் இருந்த துளையை ரப்பர் அடைப்பான் வைத்து கிளாம்ப் போட்டு மூட வேண்டும். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். திறந்து கிடந்தால் ரோட்டுத் தூசி ஃபில்டரில் படாமல் நேராக டர்போ சக்கரத்தை அரிக்கும். மணல் லாரிக்குப் பின்னால் ஒரு நாள் போனாலே போதும்.

இப்படி 200 கி.மீ. ஓட்டிவிட்டு மறுபடியும் திறந்து பாருங்கள். ஓஸ் காய்ந்திருந்தால் டர்போ நிரபராதி. பாட்டிலில் காப்பிப் பால் நிறத்தில் கொஞ்சம் திரவம் இருந்தால் மிரள வேண்டாம். எரிப்பில் உண்டாகும் நீராவி ஆயிலோடு கலந்தால் அப்படித்தான் இருக்கும். 200 கி.மீ.க்குள் அரை டம்ளர் ஆயில் சேர்ந்திருந்தால் ஆயில் பிரிப்பானோ ரிங்கோ கெட்டிருக்கிறது. சோதனை முடிந்ததும் பைப்பைப் பழையபடி மாட்டிவிடுங்கள். பாட்டிலோடு ஊர் சுற்றுவதற்கு விதிப்படி அனுமதி இல்லை.

பிரிப்பானா ரிங்கா என்று பிரித்துப் பார்ப்பது எப்படி? என்ஜின் சூடேறி ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திருகிக் கழற்றி, அதே இடத்தில் தலைகீழாகச் சும்மா வையுங்கள். டீசலில் லேசாகக் காற்று புஸ்புஸ் என்று வருவது சகஜம். மூடி நடனமாடித் தெறித்து விழுந்து, புகையும் குபுகுபுவென்று வந்தால் உள்ளே அழுத்தம் அதிகம். இப்போது பிரீதர் பைப்பைக் கழற்றிவிட்டு அதையே மறுபடி செய்யுங்கள். மூடி அடங்கிவிட்டால் பிரீதர் வழிதான் அடைத்திருக்கிறது: பைப்புக்குள் கசடு. அப்போதும் ஆட்டம் குறையவில்லை என்றால் ரிங் தேய்மானத்தை யோசிக்க வேண்டும். சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் போட்டுப் பாருங்கள். நல்ல டீசலில் 25 முதல் 30 பார் வரை காட்டும். சிலிண்டருக்குச் சிலிண்டர் பெரிய வித்தியாசம் இருக்கக்கூடாது. இந்த அளவைப் பார்க்காமல் என்ஜினை இறக்கச் சம்மதிக்காதீர்கள்.

சந்தேகம் டர்போ பக்கம் திரும்பினாலும் உடனே புது டர்போ வாங்க ஓட வேண்டியதில்லை. அதன் உள் அமைப்பைத் தெரிந்துகொண்டால் ஏன் என்று விளங்கும். சிறிய டர்போவின் தண்டு நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுக்கு மேல்கூடப் போகும். அந்த வேகத்தில் ரப்பர் சீல் தாங்காது என்பதால், பிஸ்டன் ரிங் போன்ற சின்ன உலோக வளையம்தான் இருக்கும். ஆயிலை அது முழுதாக அடைப்பதில்லை. காற்று அழுத்தம் வெளியிலிருந்து உள்ளே தள்ளிக்கொண்டிருப்பதும், ஆயில் தடையில்லாமல் கீழே வடிவதும் சேர்ந்துதான் ஆயிலை அந்தப் பக்கம் போகவிடாமல் வைத்திருக்கின்றன. ஆயில் டர்போவுக்குப் பேனா தடிமன் குழாயில் அழுத்தத்தோடு வருகிறது. திரும்பும்போது நுரைத்து, கட்டைவிரல் தடிமன் குழாயில் தன் எடையிலேயே சம்ப்புக்கு இறங்குகிறது. அந்த இறக்கத்தில் தடை வந்தால், தெருச் சாக்கடை நிரம்பியதும் குளியலறைத் தண்ணீர் திரும்பி மேலே வருகிற கதைதான். ஆயில் டர்போவுக்குள் ஏறி நின்று, வளையத்தைத் தாண்டி ஓஸுக்குள் போகும். சைலன்சர் பக்கம் போனால் நீலப்புகை.

தடை வருவதற்கான வழிகள் சில உண்டு. இறங்கு குழாய்க்குள் கருகிய ஆயில் படிந்திருக்கலாம். பேக்கிங்குக்குப் பதிலாகச் சிலிகான் பேஸ்ட் அப்பி, அது உள்ளே பிதுங்கி வாயை அடைத்திருக்கலாம். பிரீதர் அடைத்துச் சம்ப்பில் அழுத்தம் ஏறியிருக்கலாம். மேல்கோட்டைத் தாண்டி ஆயில் ஊற்றியிருக்கலாம். இந்தக் காரணத்தைத் தீர்க்காமல் புது டர்போ போட்டால் அதுவும் முதல் நாளே ஒழுகும். பிறகு "பார்ட்டு சரியில்ல" என்று கடைக்காரரோடு சண்டை.

அடைத்த ஏர் ஃபில்டரும் இதே வேலையைச் செய்யும். காற்று வராமல் டர்போ வாயில் உறிஞ்சல் அதிகமானால் வளையத்தின் வழியே ஆயிலை இழுத்துவிடும். உங்கள் பழைய ஃபில்டர் களிமண் நிறத்தில் வந்திருந்தால், புது ஃபில்டர் போட்டதே பாதி வைத்தியம். டர்போ, பிரீதர் இரண்டுக்கும் அது பொருந்தும்.

டர்போவின் ஆட்டத்தைப் பார்க்க, ஆறிய என்ஜினில், டர்போ வாயில் தெரியும் கம்ப்ரஸர் சக்கரத்தின் நடு நட்டை இரண்டு விரலால் பிடியுங்கள். மேலும் கீழும் அசைத்தால் லேசாக 'டிக்' என்று உணரலாம். பேரிங் ஆயில் படலத்தில் மிதக்கும் ரகம் என்பதால் நின்றிருக்கும்போது இந்த அசைவு சரிதான். அசைக்கும்போது சக்கரத்தின் இதழ் வெளிக்கூட்டில் உரசக்கூடாது; கூட்டின் உள்சுவரில் கீறல் வளையம் இருக்கக்கூடாது. அடுத்து நட்டை முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளுங்கள். இங்கே விரலுக்கு எதுவுமே தெரியக்கூடாது. தெரிந்தால் தாங்கு பேரிங் தேய்ந்துவிட்டது, டர்போ கழற்றவேண்டியதுதான். இதழ் விளிம்பு உடைந்தோ வளைந்தோ மழுங்கியோ இருந்தாலும் தீர்ப்பு அதுவே.

உங்கள் இழுவைக் குறைவுக்கு வருவோம். ஈரமாகித் தூசி அப்பிய அந்த கிளாம்ப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆயில் ஊறி ரப்பர் மெத்தென்று ஆகிவிட்டால், டர்போ காற்றை அழுத்தும்போது ஓஸ் விரிந்து கிளாம்ப் ஓரமாகக் காற்று கசியும். ஐடிலில் இது தெரியாது. ஓஸ் வாயில் மூடி போட்டு ஒரு பார் காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். ஓஸை அழுத்திப் பார்த்து, பிசுபிசுப்பாக நசுங்கினால் மாற்றிவிடுங்கள். கிளாம்ப்பை மேலும் இறுக்கிப் பயன் இல்லை.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 (புகை மாசு விதி) டீசல் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: அதில் புகைக்கரி வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்யும்போது கொஞ்சம் டீசல் சிலிண்டர் சுவர் வழியாகச் சம்ப்பில் இறங்கும். டவுனுக்குள்ளேயே சின்னச் சின்ன ஓட்டமாக ஓட்டினால் டிப்ஸ்டிக் அளவு குறையாமல் ஏறும். ஏறினால் நல்லது என்று விட்டுவிடாதீர்கள். ஆயில் நீர்த்துப்போய் பிரீதர் வழியாகவும் அதிகம் போகும். டீசல் வாசனை அடித்தால் உடனே ஆயில் மாற்றுங்கள்.

காரணம் எதுவாக இருந்தாலும், சரிசெய்த பிறகு இன்டர்கூலரைக் கழற்றிக் கவிழ்த்து வடிப்பது கட்டாயம். உள்ளே தேங்கிய ஆயில் என்ஜினுக்கு எரிபொருளாகிவிடும் என்பதுதான் இதில் உள்ள பெரிய ஆபத்து. அதிகம் தேங்கியிருக்கும்போது ஒரு நீண்ட ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் மொத்தமாக உறிஞ்சிக்கொண்டு என்ஜின் தறிகெட்டு ஓட ஆரம்பிக்கலாம். சாவியைத் திருப்பினாலும் நிற்காது, ஏனென்றால் அது எரிப்பது இன்ஜெக்டர் கொடுக்கும் டீசலை இல்லை. மேனுவல் கியர் வண்டியானால் பிரேக்கை முழுதாக மிதித்து, உச்ச கியரில் போட்டு, கிளட்சை விட்டு என்ஜினைத் திணறடித்து நிறுத்த வேண்டும். நின்ற இடத்தில் நடந்தால் காற்று வாயைப் பலகையால் அடைக்கலாம். கை, துணி எதையும் அருகே கொண்டுபோகாதீர்கள், இழுத்துக்கொள்ளும். அதனால் இன்டர்கூலர் ஓஸைக் கழற்றும்போது ஒரு டம்ளர் அளவுக்கு ஆயில் கொட்டினால் அந்த வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் ரெக்கவரி வண்டியில் ஏற்றுங்கள்.

இன்டர்கூலரை மண்ணெண்ணெயில் அலசினால், அதுவும் எரியும் என்பதை மறக்க வேண்டாம். மூன்று நான்கு முறை பிரேக் கிளீனரால் கழுவி, குறைந்த அழுத்தக் காற்றடித்து, ஒரு இரவு முழுக்கச் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். காலையில் கீழே விரித்த செய்தித்தாளில் கறை இல்லாவிட்டால் மாட்டலாம். மாட்டிய அன்று டிப்ஸ்டிக் அளவைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 1,000 கி.மீ. கழித்து, சமதரையில் நிறுத்திப் பத்து நிமிடம் ஆறவிட்டு மறுபடி பாருங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்கவில்லை என்றால் உங்கள் டர்போ அதே இடத்தில் இருக்கட்டும்.