வாசகர் கேள்வி–பதில்: மீன் இருந்தும் சோகை ஏன்?

கேள்வி: மாலத்தீவில் மூன்று வேளையும் மீன் உண்பார்கள் என்கிறார்கள். அப்படியிருந்தும் அங்கே இரத்தசோகையும் குழந்தைகளிடம் வளர்ச்சிக் குறைவும் பரவலாக இருப்பதாகப் படித்தேன். இது எப்படி?
– வாசகி ஒருவர், தூத்துக்குடி

பதில்: நீங்கள் படித்தது சரியே. 2016–17இல் நடந்த தேசிய ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 63 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது.

பழியை மீன்மேல் போட இடமில்லை. சூரை மீனை உப்பு நீரில் வேகவைத்து, பொங்கிவரும் நுரையை வழித்தெடுத்து வைக்கும் ‘கருதியா’ என்னும் தெளிந்த சாறும், அந்தச் சாற்றையே மணிக்கணக்கில் சுண்டக் காய்ச்சி எடுக்கும் ‘ரிஹாகுரு’ விழுதும், நம் கடைகளில் மாசி என்று விற்கும் உலர்மீனும் அவர்களுடைய அன்றாட உணவு. குறை தட்டின் மறுபாதியில் இருக்கிறது. பவள மணலில் நெல் விளையாது என்பதால் அரிசி, கோதுமை மாவு, சர்க்கரை மூன்றும் கப்பலில்தான் வருகின்றன. அவற்றுக்கு நெடுங்காலமாக அரசு மானியம் உண்டு. காய்கறியும் பழமுமோ தலைநகர் மாலேயில் இறங்கி, மீண்டும் படகேறி வெளித்தீவுகளுக்குப் போய்ச் சேர்வதற்குள் வாடிவிடுகின்றன, விலையும் ஏறிவிடுகிறது. ஆகவே எளிய வீடுகளில் சோறு, ரொட்டி, மீன், இனிப்புத் தேநீர் என்றே பொழுது கழிகிறது. உணவோடு தேநீர் குடித்தால், தானியத்திலுள்ள சிறிதளவு இரும்புச்சத்தும் உடலில் ஒழுங்காகச் சேராது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பரம்பரையாக வந்து சோகையை உண்டாக்கும் இரத்தக் குறைபாடான தலசீமியாவின் மரபணு மிகுதியாகக் காணப்படும் நாடுகளில் மாலத்தீவும் ஒன்று. எனவே சோகை முழுவதையும் உணவின் கணக்கில் எழுதிவிட முடியாது.

முருங்கையும் வேறு சில கீரைகளும் அந்தத் தீவுகளிலேயே வளர்கின்றன. மீனும் தேங்காய்த் துருவலும் வெங்காயமும் எலுமிச்சையும் சேர்த்துப் பிசையும் ‘மஸ் ஹுனி’யில் கீரையைப் பொடியாக நறுக்கிப் போடுவதும் அங்குள்ள வழக்கமே. கப்பலில் வந்திறங்கும் சத்துமாவு டப்பாக்களைவிட, அந்தக் கீரை குழந்தையின் தட்டுக்கு வருவதே மேல் என்பேன்.

கேள்வி: வளர்ச்சிக் குறைவில் குடிநீருக்கும் பங்கு உண்டா?
– அதே வாசகி

பதில்: உண்டு. இத்தீவுகளின் மணலுக்கடியில், உப்புநீரின்மேல் மெல்லிய படலமாக மிதக்கும் நன்னீரே கிணற்றுநீர். கழிவுநீர்த் தொட்டிகளும் அதே மணலில்தான் இருக்கின்றன. அசுத்த நீரால் அடிக்கடி வயிற்றுப்போக்கு வந்தால், உண்ட உணவு குழந்தையின் உடலில் ஒட்டாது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை பல தீவுகளின் கிணறுகளை உப்பாக்கியபின், கூரையில் விழும் மழைநீரைத் தொட்டிகளில் பிடித்துவைப்பதன் தேவை இன்னும் கூடியது. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலம் அங்கே வறண்ட காலம். தொட்டி வற்றும் தீவுகளுக்கு மாலேயிலிருந்து கப்பலில் தண்ணீர் போகும். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் இப்போது பெருகிவருகின்றன. ஆனால் 2014 டிசம்பரில் மாலேயின் ஆலையில் தீப்பிடித்தபோது, இந்தியா விமானத்திலும் கப்பலிலும் தலைநகருக்கே தண்ணீர் அனுப்ப நேர்ந்தது.