கோப்புக்குள் இருக்கும் சொல்லைத் தேட

கேள்வி: எங்கள் கூட்டுறவுச் சங்கத்தின் பழைய தீர்மானங்கள், பத்திர நகல்கள் எல்லாம் பிடிஎஃப்பாகவும் வேர்டு கோப்பாகவும் ஃபோல்டர் ஃபோல்டராகக் கிடக்கின்றன. பெயர் தெரிந்தால்தான் எடுக்க முடிகிறது. எல்லாவற்றையும் எஸ்கியூலைட் என்ற தரவுத்தளத்தில் ஏற்றினால் உள்ளே இருக்கும் சொல்லை வைத்துத் தேடலாமா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: தேடலாம், ஆனால் கோப்பை அப்படியே ஏற்றினால் நடக்காது. எஸ்கியூலைட் பிடிஎஃப்பைத் திறந்து படிக்காது. உள்ளே இருக்கும் எழுத்தை நாம்தான் வெளியே எடுத்து, பக்கத்துக்கு ஒரு பதிவாக, கோப்பு இருக்கும் இடத்தையும் பக்க எண்ணையும் சேர்த்து எஃப்டிஎஸ்5 அட்டவணையில், அதாவது எஸ்கியூலைட்டில் சொல் தேடலுக்கென்றே உள்ள அட்டவணையில், போட வேண்டும். கோப்புகள் ஃபோல்டரிலேயே இருக்கட்டும். எழுத்தைப் பிரித்தெடுக்க அப்பாச்சி டிகா என்ற இலவச மென்பொருள் போதும்.

அதற்கு முன்னால் ஒரு சோதனை, தயவுசெய்து இதைத் தவறவிடாதீர்கள்: சில பிடிஎஃப்களைத் திறந்து ஒரு வரியை காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். எழுத்தையே தேர்வு செய்ய முடியவில்லையென்றால் அது ஸ்கேன் செய்த படம், படத்திலிருந்து எழுத்தை அடையாளம் கண்டு எடுக்கும் டெசராக்ட் போன்ற ஓசிஆர் மென்பொருள் வழியாகத்தான் போக வேண்டும், அதில் தமிழ் உண்டு. ஆங்கில எழுத்தும் குறியுமாக வந்து விழுந்தால் பாமினி, வானவில் மாதிரி பழைய எழுத்துருவில் அடித்தது, யூனிகோடுக்கு மாற்றாமல் ஏற்றினால் அந்தக் கோப்பு இருந்தும் இல்லாததுதான். அப்புறம், 'கொ' யூனிகோடிலேயே இரண்டு விதமாகப் பதிவாகியிருக்கலாம், கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும், தேடலுக்கு வேறு வேறு. அதனால் ஏற்றும்போதும் தேடும்போதும், இரண்டையும் ஒரே விதமாக்கும் என்எஃப்சி என்ற யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

சரி, தமிழுக்கு நிஜமான சிக்கல் இனிதான். எஃப்டிஎஸ்5-இல் இயல்பாக வரும் யூனிகோட்61 சொல்பிரிப்பான் எழுத்தையும் எண்ணையும் மட்டுமே சொல்லின் பாகமாக எடுத்துக்கொள்கிறது, நம்முடைய கால், கொம்பு, புள்ளி எல்லாம் யூனிகோடில் 'குறி' என்ற வகையில் இருப்பதால் அவை வந்த இடத்திலெல்லாம் சொல்லை வெட்டிவிடுகிறது. 'காணி' என்பது க, ண என்று இரண்டு துண்டாகிறது, கேணியும் கோணியும் அதே துண்டுகள்தான், ஆக காணியைத் தேடினால் கேணியைத் தூர்வாரிய தீர்மானமும் வந்து நிற்கும். அட்டவணையை உருவாக்கும்போதே 'கேட்டகரீஸ்' என்ற தேர்வில், இயல்பாக உள்ள வகைகளோடு, இந்தக் குறிகளுக்கான எம்என் (Mn), எம்சி (Mc) இரண்டையும் சேர்த்துவிட்டால் சொல் முழுசாக நிற்கும். இது ஆங்கிலத்தில் சோதித்துப் பார்ப்பவர்கள் கண்ணில் படாது, அதனால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

கேள்வி: 'நிலம்' என்று தேடினால் 'நிலத்தில்' உள்ள பக்கம் வரவில்லையே?
- வாசகர், மன்னார்குடி

பதில்: வராது, எஸ்கியூலைட்டுக்குத் தமிழ் வேற்றுமை உருபு தெரியாது. 'நிலம் OR நிலத்*' என்று இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள், நட்சத்திரக் குறி போட்டால் அப்படித் தொடங்கும் எல்லாச் சொல்லும் வரும். வெறும் 'நில*' போட்டால் நிலையும் நிலவும் சேர்ந்து வரும். போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தளத்தைப் பயன்படுத்த முடிந்தால் 2019-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து சொல்லின் விகுதியை வெட்டி அடிச்சொல்லாக்கும் தமிழுக்கான ஸ்னோபால் விகுதி நீக்கி அதனுடனேயே வருகிறது. உங்கள் ஆவணங்களில் அடிக்கடி வரும் சொற்களைக் கொடுத்து, அது எதை எதாக வெட்டுகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.