மெக்னீசியத்தில் பாதியோடு நிற்கும் வெட்டு மாங்கனீசில் ஏன் தொடர்கிறது?

ஊட்டிக் கல்லூரி ஆய்வகக் கேள்வி இது: வெட்டுமிடத்தில் பாஸ்பரோதயோயேட் (ஓர் ஆக்சிஜனுக்குப் பதில் கந்தகம் உள்ள பாஸ்பேட்) வைத்தால், டிஎன்ஏ நொதி (நொதிபோல் வினை நடத்தும் டிஎன்ஏ இழை) மெக்னீசியம் இருக்கும்போது இலக்கு இழைகளில் பாதியைத்தான் வெட்டுகிறது. மாங்கனீசில் மீதியும் வெட்டுப்படுகிறது, ஆனால் குழாய் பழுப்பாகிறது.

பாஸ்பேட்டில் இழையின் தொடர்ச்சிக்குப் பாலமாகாத இரண்டு ஆக்சிஜன்களில் ஒன்றின் இடத்தில் கந்தகம் வருகிறது. எது என்பதைப் பொறுத்து ஆர்பி, எஸ்பி என இரு வடிவங்கள். சாதாரணத் தயாரிப்பில் இரண்டும் கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி கலந்தே இருக்கும். உலோகம் பிடிக்க வேண்டிய இடத்தில் கந்தகம் இருந்தால் மெக்னீசியம் கிட்டத்தட்டச் சீண்டாது, அது ஆக்சிஜன் விரும்பி. மாங்கனீசு இரண்டையும் ஏற்கும். காட்மியம் கந்தகத்தை இன்னும் இறுக்கிப் பிடிக்கும் (நஞ்சு, கையுறை கட்டாயம்). கரைசலில் உலோகத்தைப் பிணைக்கும் டைதயோதிரைட்டால், இடிடிஏ இருந்தால் அவையே காட்மியத்தை விழுங்கிவிடும்.

பழுப்புக்கு மலைக்குளிரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். டிரிஸ் என்ற தாங்கல் கரைசலின் (பிஹெச்சை நிலையாக வைப்பது) பிஹெச், ஒரு டிகிரி குளிர்ந்தால் சுமார் 0.03 ஏறும். 25 டிகிரியில் 8.0 வைத்தது, 10 டிகிரி காலையில் 8.4. அந்தக் காரத்தில் மாங்கனீசு காற்றோடு சேர்ந்து பழுப்பாகப் படியும். பதிலுக்கு ஹெப்பீஸ் (HEPES) தாங்கல் கரைசலை பிஹெச் 7.5-இல் பயன்படுத்துங்கள், வினை நடக்கும் வெப்பநிலையிலேயே பிஹெச் அளந்து, மாங்கனீசைக் கடைசியில் சேருங்கள்.