வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் குவில்ட் (ஒட்டுத்துணிப் போர்வை) தைக்கும் துணிகளை எப்படி அடுக்கி வைப்பது?

நான்கறை வீட்டில் தைக்க ஒரு மூலைதான் இருக்கிறது, துணி குவிந்துவிட்டது, பாம் ஷெல்டரில் (வீட்டுக்குள் இருக்கும் பாதுகாப்பு அறையில்) வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். வைக்கலாம். ஆனால் சிங்கப்பூரில் இடத்தைவிட ஈரம்தான் பெரிய கவலை. கதவைச் சாத்திய ஷெல்டரில் காற்றோட்டம் குறைவு. பூசணம் சீக்கிரம் பிடிக்கும். சின்ன ஈரப்பதமானி ஒன்று வாங்கி வையுங்கள். 60 சதவீதத்துக்கு மேல் போனால் ஈரம் உறிஞ்சும் டப்பா போதாது, காற்றின் ஈரத்தை இழுக்கும் டீஹியூமிடிஃபையர் கருவியைப் போடுங்கள்.

லிட்டில் இந்தியாவின் தேக்காவில் வாங்கிய புதுப் பருத்தியைக் கஞ்சி போக அலசி, நன்றாகக் காயவைத்த பிறகே உள்ளே வையுங்கள். வெள்ளிப்பூச்சிக்குக் கஞ்சி என்றால் உயிர்.

அப்புறம் மடிப்பு. குவில்ட் பருத்தி பெரும்பாலும் 44 அங்குல அகலம். அதை நீளவாக்கில் மடித்து, 6 அங்குல அகலமுள்ள அளவுகோலில் சுற்றி, கோலை உருவிவிட்டால் எல்லாம் ஒரே அளவாக வரும். இழுப்பறையில் படுக்கவைக்காமல் நிமிர்த்தி வையுங்கள். ஒரு பார்வையில் எல்லா நிறமும் தெரியும். நிறவாரியாகப் பிரிப்பதே என் விருப்பம்.

துண்டுத் துணிகளை 2.5 அங்குலப் பட்டைகளாகவும் 5 அங்குலச் சதுரங்களாகவும் உடனே வெட்டிவிடுங்கள். பழைய பட்டுச் சேலைகளைப் பருத்தித் துணியில் சுற்றித் தனியாக வையுங்கள், அவ்வப்போது மடிப்பை மாற்றுங்கள். துணியை வைத்து வெட்டும் பிளாஸ்டிக் பாயை வெயில் படும் சன்னலோரம் சாய்த்து வைக்காதீர்கள், வளைந்துவிடும்.