தாத்தாவுக்கு முந்தின ஆட்களைத் தேடி

கேள்வி: என் தாத்தா சின்ன வயதிலேயே தாராவித் தோல் பட்டறைக்கு வேலைக்கு வந்தவர். தென்காசிப் பக்கம் ஊர்ப் பெயர் தெரியும், சொந்தம் யாரும் அங்கே இல்லை. முன்னோர் பெயர்களை எப்படிக் கண்டுபிடிப்பது?
- ஒரு வாசகி, மும்பை

பதில்: ஊர்ப் பெயர் இருக்கிறதே, பாதி வேலை முடிந்தது. நாகர்கோவில் எக்ஸ்பிரஸுக்கு டிக்கெட் போடும் முன் தாராவியிலேயே அந்த ஊர்ப் பெரியவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று விசாரியுங்கள், ஒரே ஊர்க்காரர்கள் பக்கத்துப் பக்கத்தில் குடியேறிய இடம் அது. உங்கள் குலதெய்வம் எது என்றும் கேளுங்கள். சாஸ்தா என்றால் பங்குனி உத்திரத்துக்குக் கோயிலுக்குப் போய்விடுங்கள். வெளியூரில் பிழைக்கிற பங்காளிகள் எல்லாம் அன்றைக்குத்தான் கூடுவார்கள், கோயில் வரி பிரிக்கிறவர் பழைய நோட்டை வைத்திருந்தால் அதில் குடும்பம் குடும்பமாகப் பெயர் கிடைக்கும்.

அப்புறம் நிலம். பழைய பத்திரங்களில் 'இன்னார் மகன் இன்னார்' என்று எழுதியிருக்கும், பாகப்பிரிவினைப் பத்திரம் என்றால் மூன்று தலைமுறைகூட வந்துவிடும். சர்வே எண் தெரிந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று (அந்த நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) போட்டுப் பாருங்கள். (நிலமே இல்லாத குடும்பம் என்றால் பத்திரமும் இருக்காது, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, கிறிஸ்தவர்களானால் ஞானஸ்நானப் பதிவேடு.)

பழைய பிறப்புப் பதிவுகளில் பல நேரம் 'ஆண் குழந்தை' என்று மட்டும்தான் இருக்கும், அதனால் தகப்பன் பெயரை வைத்துத் தேடச் சொல்லுங்கள். தென்காசி தனி மாவட்டமானது 2019-இல்தான், அதற்கு முந்தைய காகிதங்களில் பெரும்பாலும் திருநெல்வேலி என்றே இருக்கும்.